அரேயைக் கூட்டு என்றால் எதைக் கூட்டுவது? முழு எண் அரேக் கணக்குகள் புதியவர்களுக்கு

புரோகிராமிங் கற்கத் தொடங்கிய எவருக்கும் முதலில் கிடைக்கும் வேலை இதுதான்: ஒரு அரேயில் பத்து எண்களைப் போடு, கூட்டு, சராசரி எடு, பெரியதைக் கண்டுபிடி. சென்னையில் கல்லூரி லேப் ஆகட்டும், மாலை நேரப் பயிற்சி வகுப்பு ஆகட்டும், எல்லா இடத்திலும் இதில்தான் ஆரம்பிக்கிறார்கள். "கூட்டல் கழித்தல்தானே, ஒரு லூப் போட்டால் முடிந்தது" என்று சொல்லி அவசரமாகத் தாண்டியும் விடுகிறார்கள்.

அந்த அவசரம்தான் பின்னால் படுத்துகிறது. "அரேயைக் கூட்டு" என்பது ஒரே வேலை அல்ல. அதற்குள் குறைந்தது நான்கு வெவ்வேறு வேலைகள் இருக்கின்றன. அதோடு, கணினி வைத்திருக்கும் முழு எண் நாம் பள்ளியில் படித்த முழு எண்ணைப் போல எப்போதும் நடந்துகொள்வதும் இல்லை. இந்த இரண்டும் புரிந்துவிட்டால் அடிப்படைப் பயிற்சிகளில் வரும் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

உதாரணத்துக்கு நமக்குப் பழக்கமான எண்களையே எடுத்துக்கொள்வோம். சென்னைக்குக் குடிநீர் தரும் ஐந்து ஏரிகளின் முழுக் கொள்ளளவு மில்லியன் கன அடியில்: பூண்டி 3231, சோழவரம் 1081, புழல் 3300, கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை 500, செம்பரம்பாக்கம் 3645. மழைக்காலம் வந்தால் செய்தித்தாளில் தினமும் பார்க்கிற பட்டியல்தான்.

கொள்ளளவு = [3231, 1081, 3300, 500, 3645]

கட்டுரை முழுக்க இந்த ஒரு வரியை வைத்துத்தான் வேலை செய்யப் போகிறோம்.

அரே என்றால் என்ன?

ஒரே வகையான மதிப்புகளை நினைவகத்தில் அடுத்தடுத்து, இடைவெளி இல்லாமல் வைத்து, அந்த மொத்த வரிசைக்கும் ஒரே பெயர் கொடுத்தால் அது அரே. வரிசையில் ஒவ்வொரு மதிப்புக்கும் உள்ள இட எண் இண்டெக்ஸ். பெரும்பாலான மொழிகளில் இண்டெக்ஸ் 0-இல் தொடங்கும். புதியவர்களை முதலில் உறுத்துவது இந்தப் பூஜ்யம்தான்.

கடற்கரை நிலையத்தில் தாம்பரம் போகும் மின்சார ரயிலில் ஏறி உட்காருகிறீர்கள். கோட்டை முதல் நிறுத்தம், பூங்கா இரண்டாவது, எழும்பூர் மூன்றாவது. அப்படியானால் கடற்கரை எத்தனையாவது? அங்கேதான் ஏறினீர்கள், இன்னும் ஒரு நிறுத்தமும் நகரவில்லை. அது 0. இண்டெக்ஸும் அப்படித்தான். "எத்தனையாவது ஆள்" என்று அது சொல்வதில்லை, தொடக்கத்திலிருந்து எவ்வளவு தள்ளி என்றுதான் சொல்கிறது.

இதற்குப் பின்னால் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. ஜாவாவில் சாதாரண முழு எண் ஒன்றுக்கு 4 பைட் இடம். அரே 1000 என்ற முகவரியில் தொடங்குகிறது என்று வைத்துக்கொண்டால், இண்டெக்ஸ் 3-இல் உள்ள எண் 1000 + 3 × 4, அதாவது 1012-இல் இருக்கும். நடுவில் உள்ள எதையும் தேடாமல் நேரே அங்கே போய்விடலாம். இண்டெக்ஸ் 0 என்றால் 1000 + 0, தொடக்கமே. பைத்தானில் அரேக்குப் பதிலாகப் பயன்படும் பட்டியலின் (list) உள் அமைப்பு கொஞ்சம் வேறு, ஆனால் எண்ணும் முறை இதேதான்.

"கூட்டு" என்றால் நான்கு வேலைகள்

முதல் வேலை, அரேயில் உள்ள எல்லா எண்களையும் சேர்த்து ஒரே எண்ணாக்குவது. ஐந்து ஏரிகளின் மொத்தக் கொள்ளளவு எவ்வளவு என்ற கேள்வி இது. ஐந்து எண் உள்ளே போகிறது, ஒரு எண் வெளியே வருகிறது.

இரண்டாவது, இரண்டு அரேக்களை இடத்துக்கு இடம் கூட்டுவது. நேற்றைய இருப்பு ஒரு அரே, இன்று வந்து சேர்ந்த நீர் ஒரு அரே. பூண்டியோடு பூண்டி, புழலோடு புழல். விடையும் ஐந்து எண்கள் கொண்ட அரேதான்.

மூன்றாவது, அரேயின் ஒவ்வொரு எண்ணோடும் ஒரே எண்ணைக் கூட்டுவது. எல்லா ஏரியிலும் 10 கூடியது என்றால் இது. நான்காவது, ஒரு அரேயின் வாலில் இன்னொன்றை ஒட்டி நீளமாக்குவது. இதில் கணக்கே கிடையாது, ஆனாலும் பேச்சில் இதையும் "சேர்த்துவிடு" என்றுதான் சொல்கிறோம்.

கூட்டல் குறியைப் பார்த்தால் எல்லா மொழியும் ஒரே மாதிரி புரிந்துகொள்ளும் என்று எண்ணுவது பெரிய தவறு. பைத்தானில் இரண்டு பட்டியல்களுக்கு நடுவே + போட்டால் நான்காவது வேலைதான் நடக்கும்: [1, 2] + [3, 4] கொடுத்தால் [1, 2, 3, 4]. பட்டியலை 2-ஆல் பெருக்கினால் எண்கள் இரட்டிப்பதில்லை, பட்டியல் இரண்டு முறை வரும். அதே பைத்தானில் எண் கணக்குக்கான நம்பை (NumPy) நூலகத்தின் அரேக்களைக் கூட்டினால் இரண்டாவது வேலை நடந்து [4, 6] கிடைக்கும். ஜாவாவில் இரண்டு அரேக்களுக்கு நடுவே + போட்டால், ஓடுவதற்கு முன் நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலரே மறுத்துவிடும். ஜாவாஸ்கிரிப்ட் மறுக்காது. இரண்டையும் எழுத்துச் சரமாக மாற்றி ஒட்டி "1,23,4" என்று ஒன்றைக் கையில் கொடுக்கும்.

தமிழ்நாடு பாடத்திட்டத்தில் பிளஸ் ஒன்னில் சி++, பிளஸ் டூவில் பைத்தான் என்று படித்துவிட்டு, கல்லூரியில் ஜாவாவுக்குப் போகும் மாணவர்களுக்கு இது உண்மையிலேயே பெரிய தலைவலி. தவறு அவர்களுடையது அல்ல. ஒரே குறிக்கு மொழிக்கு மொழி வேறு வேலை கொடுத்திருக்கிறார்கள். அதனால் குறியைப் பார்ப்பதற்கு முன் கேள்வியைப் பாருங்கள். எத்தனை எண் உள்ளே போகிறது, எத்தனை வெளியே வர வேண்டும்? இதைத் தாளில் எழுதிவிட்டால் நான்கில் எது என்று தெரிந்துவிடும்.

இதுவரை வந்தது: அரே என்பது அடுத்தடுத்து வைத்த மதிப்புகளின் வரிசை, இண்டெக்ஸ் என்பது தொடக்கத்திலிருந்து உள்ள தள்ளல். "கூட்டு" என்பது நான்கு வேலைகளுக்கான பொதுப்பெயர், அதில் எது வேண்டும் என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

பல எண்ணிலிருந்து ஒரு எண்

முதல் வேலையை எழுதிப் பார்ப்போம். மொழி எதுவானாலும் அமைப்பு இதுதான்:

மொத்தம் = 0
கொள்ளளவில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும்:
    மொத்தம் = மொத்தம் + எண்

ஒரே வேலையை ஒவ்வொரு எண்ணுக்கும் திரும்பத் திரும்பச் செய்யும் இந்த அமைப்புக்கு லூப் என்று பெயர். மூன்றாவது வரி பள்ளிக் கணக்கின் சமன்பாடு அல்ல. "வலப்பக்கத்தைக் கணக்கிட்டு, வந்த விடையை இடப்பக்கத்துப் பெயரில் வை" என்ற கட்டளை. லூப் ஓட ஓட மொத்தம் இப்படி மாறும்: 0, 3231, 4312, 7612, 8112, 11757. இந்த ஆறு எண்களையும் ஒரு தடவை கையால் எழுதிப் பார்த்துவிடுங்கள். லூப் புரியவில்லை என்று சொல்பவர்களில் நிறையப் பேர் இந்த எழுதும் வேலையைத்தான் விட்டிருப்பார்கள்.

அப்புறம் அந்த முதல் வரி. கூட்டலுக்கு 0-இல் தொடங்குகிறோம், ஏனென்றால் 0-ஐக் கூட்டினால் எதுவும் மாறாது. பெருக்கலுக்கும் 0-இல் தொடங்கினால் விடை எப்போதும் 0-தான், அங்கே 1-இல் தொடங்க வேண்டும். மிகப் பெரிய எண்ணைக் கண்டுபிடிக்க? இங்கே பலர் பழக்கதோஷத்தில் 0 என்று எழுதிவிடுகிறார்கள். கொள்ளளவு அரேக்கு அது சரியான விடையைத் தரும், அதனால் தவறு வெளியே தெரியாது.

இப்போது கோடைக்காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேற்றைக்கும் இன்றைக்கும் இருப்பில் ஏற்பட்ட மாற்றம்:

மாற்றம் = [-12, -5, -9, -1, -7]

எல்லாமே குறைந்திருக்கிறது. இதில் மிகப் பெரியது -1. ஆனால் 0-இல் தொடங்கிய புரோகிராம் "மிகப் பெரியது 0" என்று சொல்லும். அரேயிலேயே இல்லாத எண்! அதனால் பெரியதையும் சிறியதையும் தேடும்போது அரேயின் முதல் எண்ணை வைத்துத் தொடங்குங்கள். அரே காலியாக இருந்தால் முதல் எண்ணே இருக்காது என்பதால், லூப்புக்கு முன்னாலேயே அதைச் சோதித்துவிட வேண்டும்.

நீளத்தைப் பற்றியும் ஒன்று. லூப் எத்தனை முறை ஓட வேண்டும் என்பதைக் கையால் எண்ணி எழுதாதீர்கள், அரேயிடமே கேளுங்கள். 2020 வரை இந்தப் பட்டியலில் நான்கு ஏரிகள்தான், மொத்தம் 11257. அந்த ஆண்டு நவம்பரில் கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் திறக்கப்பட்ட பிறகு ஐந்தாகி, மொத்தம் 11757 ஆனது. "4 முறை ஓடு" என்று எழுதிய புரோகிராம் நம் வரிசையில் 8112-இல் நின்றுவிடும். விட்டுப்போவது செம்பரம்பாக்கம், இருப்பதிலேயே பெரிய ஏரி. பிழைச் செய்தி எதுவும் வராது.

வகுத்தல்: முழு எண் கணக்கின் சிக்கலான இடம்

கூட்டல், கழித்தல், பெருக்கல் மூன்றிலும் முழு எண்ணோடு முழு எண் சேர்ந்தால் முழு எண்ணே கிடைக்கும். வகுத்தலில் அப்படி இல்லை. சராசரி கேட்டால் 11757-ஐ 5-ஆல் வகுக்க வேண்டும், 2351.4 வரும். ஜாவா, சி, சி++ மொழிகளில் இரண்டு பக்கமும் முழு எண் என்றால் விடையும் முழு எண்தான், .4 வெட்டப்பட்டு 2351 நிற்கும். கிட்டத்தில் உள்ள எண்ணுக்குத் திருத்துவதில்லை, வெட்டுகிறது. 2351.9 வந்திருந்தாலும் 2351-தான். இதற்கு முழு எண் வகுத்தல் என்று பெயர். பைத்தான் 3-இல் ஒற்றைச் சாய்கோடு போட்டால் தசமத்தோடு விடை வரும், இரட்டைச் சாய்கோடு போட்டால்தான் முழு எண் வகுத்தல்.

0.4 போனால் என்ன என்று தோன்றலாம். அடுத்த கணக்கைப் பாருங்கள். ஏதோ ஒரு நாளின் இருப்பு இப்படி இருக்கிறது என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம்:

இருப்பு = [900, 200, 1650, 490, 1458]

ஒவ்வொரு ஏரியும் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது? இருப்பு ÷ கொள்ளளவு × 100. இடத்துக்கு இடம் செய்யும் இரண்டாவது வகை வேலை. ஜாவாவில் அப்படியே எழுதினால் விடை:

[0, 0, 0, 0, 0]

900-ஐ 3231-ஆல் வகுத்தால் சுமார் 0.28, வெட்டியதும் 0. பிறகு 100-ஆல் பெருக்கி என்ன பயன்? 98 சதவீதம் நிரம்பிய கண்ணன்கோட்டைக்கும் 0-தான். ஏரி நிரம்பி 500-க்கு 500 ஆகும் நாளில் மட்டும் சட்டென்று 100 காட்டும். தீர்வு எளிது, பெருக்கலை முன்னால் கொண்டுவாருங்கள். இருப்பு × 100 ÷ கொள்ளளவு என்று எழுதினால் [27, 18, 50, 98, 40] கிடைக்கும். தாளில் இரண்டும் ஒரே கணக்கு, முழு எண்களில் இரண்டும் வேறு வேறு.

அடுத்த கேள்வியில் அனுபவசாலிகளே சறுக்குவதுண்டு. மொத்தமாக எத்தனை சதவீதம் நீர் இருக்கிறது? ஐந்து சதவீதங்களையும் கூட்டி ஐந்தால் வகுத்தால் 233 ÷ 5, அதாவது 46.6. ஆனால் மொத்த இருப்பு 4698, மொத்தக் கொள்ளளவு 11757, வகுத்தால் 39.96 சதவீதம். கிட்டத்தட்ட ஏழு சதவீதப் புள்ளிகள் வித்தியாசம்.

ஏன்? சதவீதங்களைச் சராசரி எடுக்கும்போது 500 கொள்ளளவுள்ள கண்ணன்கோட்டைக்கும் 3645 உள்ள செம்பரம்பாக்கத்துக்கும் ஒரே மதிப்பு கொடுத்துவிடுகிறோம். சின்ன ஏரி நிரம்பியிருப்பது மொத்தக் கணக்கையே தூக்கிக் காட்டிவிடுகிறது. சரியான வரிசை: முதலில் இரண்டு அரேக்களையும் தனித்தனியே ஒரு எண்ணாக்கு, கடைசியில் ஒரே ஒரு முறை வகு. வகுத்தலை எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு தள்ளிப்போடுங்கள் என்பதை நான் அடித்தே சொல்வேன். முழு எண் அரேக்களில் அது பாதிப் பிழைகளைத் தடுக்கும். அப்படிச் செய்தாலும் முழு எண் வகுத்தல் 39.96-ஐ 39 என்றுதான் காட்டும். குடிநீர் இருப்பு மாதிரியான எண்ணில் அது பொருட்படுத்த வேண்டிய வித்தியாசம் என்றால், அந்தக் கடைசி வகுத்தலைத் தசம எண்ணாகச் செய்யுங்கள்.

குறை எண்களும் மீதியும்

மாற்றம் அரேயின் மொத்தம் -34. சராசரி -6.8. ஜாவா தசமத்தை வெட்டி -6 என்கிறது. பைத்தானின் இரட்டைச் சாய்கோடு எப்போதும் கீழ்ப்பக்கம் உள்ள முழு எண்ணுக்குப் போகும், அதனால் -7. மீதியும் அதற்கேற்ப மாறும்: ஜாவாவில் -4, பைத்தானில் 1. இரண்டும் தன்னளவில் சரி. -6 × 5 - 4 என்றாலும் -34, -7 × 5 + 1 என்றாலும் -34.

இது எங்கே கடிக்கும் என்றால், "அரேயில் எத்தனை ஒற்றைப்படை எண்கள்" என்ற பயிற்சியில். 2-ஆல் வகுத்து மீதி 1 என்றால் ஒற்றைப்படை என்று எழுதுவோம். மாற்றம் அரேயில் -5, -9, -1, -7 என நான்கு ஒற்றைப்படை எண்கள். ஜாவாவில் அவற்றின் மீதி எல்லாம் -1 என்பதால் அந்தப் புரோகிராம் ஒன்றுகூட இல்லை என்று சொல்லும். "மீதி 0 இல்லை என்றால் ஒற்றைப்படை" என்று எழுதினால் எல்லா மொழியிலும் சரிவரும்.

இதுவரை: ஒரு எண்ணாக்கும் வேலையில் தொடக்க மதிப்பு முக்கியம், வகுத்தலில் வரிசை முக்கியம், குறை எண் வந்தால் மொழியும் முக்கியம்.

எண் தன் இடத்தைத் தாண்டும்போது

ஜாவாவின் சாதாரண முழு எண்ணுக்கு 4 பைட், அதாவது 32 பிட் என்று பார்த்தோம். அதில் வைக்கக்கூடிய மிகப் பெரிய எண் 214,74,83,647. அதைத் தாண்டினால் மறுமுனைக்குச் சுற்றிக்கொண்டு போய், கீழ் எல்லையான -214,74,83,648-இலிருந்து மேலே வரத் தொடங்கும். இதுதான் ஓவர்ஃப்ளோ.

இருநூறு கோடியைத் தொடும் எண் நமக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம். ஒரு மில்லியன் கன அடி என்பது சுமார் 2 கோடியே 83 லட்சம் லிட்டர். கொள்ளளவு அரேயை லிட்டருக்கு மாற்ற, ஒவ்வொரு எண்ணையும் 2,83,00,000-ஆல் பெருக்குகிறோம். 75 மில்லியன் கன அடி வரை சரியாக வரும். 76-இலேயே எல்லை தாண்டிவிடும். செம்பரம்பாக்கத்துக்கு உண்மையான விடை 10,315 கோடியே 35 லட்சம் லிட்டர். 32 பிட்டில் ஜாவா தருவது 7,42,84,896.

அந்த விடையைக் கொஞ்சம் கவனியுங்கள். ஓவர்ஃப்ளோ ஆனால் குறை எண் வரும், கண்டுபிடித்துவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். இங்கே வந்திருப்பது பார்க்க ஒழுங்கான ஒரு மிகை எண். ஏரியின் அளவு தெரியாதவர் அப்படியே ஏற்றுக்கொள்வார். கணக்குப்படி அது மூன்று மில்லியன் கன அடிகூட இல்லை.

64 பிட் முழு எண்ணுக்கு மாறினால் சிக்கல் தீரும், ஆனால் மாற வேண்டிய இடம் பெருக்கலுக்கு முன். விடையை வைக்கும் வேரியபிளை மட்டும் 64 பிட்டாக்கினால் போதாது. பெருக்கல் 32 பிட்டிலேயே நடந்து கெட்டுப்போய், கெட்ட விடைதான் பெரிய இடத்துக்கு வந்து சேரும். பைத்தானின் சாதாரண முழு எண்களுக்கு இந்த எல்லை இல்லை, தேவைக்கேற்ப வளரும். நம்பை அரேக்களுக்கு எல்லை உண்டு: குறை எண்களையும் வைக்கும் 8 பிட் அரேயில் 100-ஐயும் 100-ஐயும் கூட்டினால் -56 வரும்.

இது புதியவர்கள் மட்டும் செய்யும் பிழை என்று எண்ணிவிடாதீர்கள். வரிசைப்படுத்திய அரேயின் நடு இண்டெக்ஸைக் கண்டுபிடிக்க, தொடக்க இண்டெக்ஸையும் முடிவு இண்டெக்ஸையும் கூட்டி இரண்டால் வகுப்பது வழக்கம். ஜாவாவின் சொந்த நூலகத்திலேயே அப்படித்தான் இருந்தது. மிகப் பெரிய அரேயில் அந்தக் கூட்டல் எல்லை தாண்டிவிடும் என்பதை அந்த நிரலை எழுதிய ஜோஷுவா பிளாக்கே 2006-இல் வெளிப்படையாக எழுதினார், அதற்குள் அந்த நிரல் பல ஆண்டுகள் புழக்கத்தில் இருந்துவிட்டது. தொடக்கம் + (முடிவு - தொடக்கம்) ÷ 2 என்று எழுதினால் போதும், எல்லை தாண்டாது.

எப்படிப் பழகுவது

நூறு பயிற்சிகளை ஓட்டமாகப் போடுவதைவிட, ஒரே பயிற்சியை ஐந்து விதமான அரேக்களில் ஓட்டிப் பார்ப்பது நல்லது: காலி அரே, ஒரே எண் உள்ள அரே, எல்லாம் குறை எண், எல்லாம் பூஜ்யம், மிகப் பெரிய எண்கள். எல்லாம் பூஜ்யம் என்பது வெறும் சோதனைக்காகச் சொல்வதல்ல. 2019 ஜூனில் சென்னையின் ஏரிகள் கிட்டத்தட்ட வறண்டு கிடந்தன, அன்றைய இருப்புப் பட்டியல் பூஜ்யத்தை ஒட்டித்தான் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் விடையை முதலில் கையால் எழுதுங்கள், பிறகு புரோகிராமை ஓட்டுங்கள். ஓட்டிப் பார்த்துவிட்டு "சரியாத்தான் இருக்கும்" என்று நம்புவது பழகுவது ஆகாது.

தொடங்க ஒரு கணக்கு. கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரியிலிருந்தும் சென்னைக்குத் தண்ணீர் வருகிறது, கொள்ளளவு 1465. அதைக் கொள்ளளவு அரேயின் கடைசியில் ஒட்டுங்கள். இருப்பு அரேயின் கடைசியில் 0 ஒட்டுங்கள். மொத்தக் கொள்ளளவு 13222 வர வேண்டும், முழு எண் சராசரி 2203. இருப்புச் சதவீதம், பெருக்கலை முன்னால் வைத்து முழு எண் வகுத்தல் செய்தால், 35. உங்களுக்கு இன்னும் 39-தான் வருகிறது என்றால், நீளத்தை எங்கோ கையால் 5 என்று எழுதியிருக்கிறீர்கள். லூப் வரியைத் திறந்து பாருங்கள்.